தேவையில்லாததை எடுக்கும் கை

என் அக்கா கடைகளிலிருந்து ஒளித்து எடுத்து வந்த பொருள்களில் ஒன்றுகூட அவளுக்குத் தேவைப்பட்டதில்லை. அவற்றை அவள் பயன்படுத்தியதும் இல்லை, விற்றதும் இல்லை, யாருக்கும் கொடுத்ததும் இல்லை. கிளெப்டோமேனியா என்று மருத்துவர்கள் சொல்லும் நோயின் முதல் அடையாளமே இதுதான். குன்னூரில் எங்கள் குடும்பம் இந்த நோயோடு முதலில் பெயர் தெரியாமலும், பிறகு பெயர் தெரிந்தும் வாழ்ந்து வந்திருக்கிறது. அக்காவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அக்காவின் கணவரான மாமாவுக்கு அரசு வேலை. சொந்த வீடும், ஊருக்கு வெளியே கொஞ்சம் தேயிலையும் உண்டு. கைச்செலவுக்குக் கணவரிடம் கை நீட்ட வேண்டிய நிலையிலும் அக்கா இருந்ததில்லை. ஒரு பொங்கலுக்கு முன்பு பரணை ஒழித்தபோது பழைய தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. திறந்ததும் நீலகிரித் தைலத்தின் நெடி மூக்கில் ஏறியது. மூடி சரியாக இறுகாத தைலப் புட்டிகள், விலைச்சீட்டு உரிக்காத சோப்புகள், பொட்டு அட்டைகள், கைக்குழந்தைகள் போடும் கம்பளிக் காலுறைகள், ஒரே நிறத்தில் பேனாக்கள், சாவியில்லாத சிறு பூட்டு ஒன்று. அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்து வெகு காலமாகியிருந்தது. ஒவ்வொரு பொருளும் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றப்பட்டு நூல் கட்டி வைக்கப்பட்டிருந்தது. மாமா எதுவும் பேசாமல் பெட்டியை மூடினார். பரிச்சயமான கடைக்காரர்கள் சிலர் முன்பே தம்மிடம் தயங்கித் தயங்கிச் சொன்னதையும், தாம் கணக்கைத் தீர்த்துவிட்டு வந்ததையும் அதற்குப் பிறகுதான் என்னிடம் சொன்னார்.

மலை ஊர்களில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அதனால் கடைக்காரர் நேரடியாகக் கேட்க மாட்டார். குடும்பத்தாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள். இந்த மரியாதையான மௌனத்துக்குள்தான் நோய் ஆண்டுக்கணக்கில் பத்திரமாக இருந்தது. அம்மா செய்வினை என்றார். கயிறு கட்டினார்கள், நேர்ந்துகொண்டார்கள். அத்தை ஒருவர் கையில் சூடு போட்டால் சரியாகிவிடும் என்று அக்காவின் காதுபடவே சொன்னார். கடைசியில், கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடையில் அக்கா பிடிபட்டாள். பணத்தைக் கட்டி அழைத்து வந்த அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. “நான் இருந்து உங்க எல்லாருக்கும் என்ன மிச்சம்?” என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு மாமா யாரையும் கலந்துகொள்ளவில்லை; மறுநாளே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். அவர் செய்தது சரி என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்நோய் உள்ள 107 பேரை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த ஒரு கட்டுரையின்படி, அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தற்கொலைக்கு முயன்றவர்கள். பிடிபட்ட நாளும் அதைத் தொடரும் சில நாள்களும் மிகுந்த ஆபத்துக்குரியவை. அப்போது வீட்டார் செய்ய வேண்டியது விசாரணை அன்று. ஆளைத் தனியே விடாமல் இருப்பதும், பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவற்றை அப்புறப்படுத்துவதும், மருத்துவரிடம் அழைத்துப் போவதுமே ஆகும்.

மருத்துவர் எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அக்காவிடம் மட்டும் வெகுநேரம் பேசினார். எடுப்பதற்கு முன் என்ன நேர்கிறது, எடுக்கும்போது என்ன, எடுத்த பின் என்ன என்ற மூன்று கேள்விகளைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டதாக அக்கா சொன்னாள். அன்று திரும்பும் வழியில், மலைப்பாதையில் பர்லியாறு தாண்டியதும் அவள் என்னிடம் சொன்ன பதில் இது: “கடைக்குள்ள போனதும் நெஞ்சுக்குள்ள ஏதோ முறுக்கிக்கிட்டு வரும். அந்தச் சாமான் சால்வைக்குள்ள போற வரைக்கும் மூச்சு சரியா வராது. போனதும் ஒரு நிம்மதி. பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள அந்த நிம்மதி போயிடும். அப்புறம் என்னையே எனக்குப் பிடிக்காது.”

நோயை நிர்ணயிக்கும் விதிகள் ஏறத்தாழ இவ்வளவுதான். சொந்தப் பயன்பாட்டுக்கோ பணமதிப்புக்கோ தேவைப்படாத பொருளை எடுக்கும் உந்துதலை மீண்டும் மீண்டும் அடக்க முடியாமல் போக வேண்டும். எடுப்பதற்குச் சற்று முன் இறுக்கம் ஏற வேண்டும். எடுக்கும்போது இன்பமோ நிம்மதியோ கிடைக்க வேண்டும். கோபத்தாலோ பழிவாங்கவோ, இல்லாத குரல் கேட்டோ, பித்தெழுச்சி எனப்படும் மிகைக் கிளர்ச்சி நிலையின் வேகத்திலோ செய்ததாக இருக்கக் கூடாது. பிரெஞ்சு மருத்துவர்கள் எஸ்கிரோலும் மார்க்கும் 1838இலேயே இதைத் தனி நிலையாக விவரித்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, பொதுமக்களில் 0.3 முதல் 0.6 விழுக்காட்டினருக்கு இது இருக்கலாம் என்கிறது. கடைத் திருட்டில் கைதாகிறவர்களில் 4 முதல் 24 விழுக்காட்டினரிடம் இது காணப்படுகிறது. அதாவது, கடையில் திருடுபவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். அந்த வேறுபாட்டை மழுப்புவது உண்மையான நோயாளிக்குத்தான் கேடு. பெண்கள் மூவருக்கு ஆண் ஒருவர் என்ற விகிதத்தில் இது வருகிறது. பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தொடங்குகிறது. அக்காவும் பள்ளிக்கூட நாள்களில் தோழியின் ரப்பரில் தொடங்கியதாகத்தான் சொன்னாள்.

முதல் சந்திப்பிலேயே எல்லாம் முடிவாகிவிடவில்லை. மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, பதற்றம், உணவுண்ணும் கோளாறு, குடிப்பழக்கம் ஆகியவை இந்நோயோடு அடிக்கடி கூட வருபவை என்பதால் ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அக்காவுக்கு மனச்சோர்வு இருந்தது. இதே இடத்தில் முதியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுவதும் நேர்மையாக இருந்தவர் அறுபது வயதுக்கு மேல் திடீரெனக் கடையில் பொருளை எடுக்கத் தொடங்கினால், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதிநோயாக அது இருக்கக்கூடும். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகளால் சிலருக்குச் சூதாட்டம், கட்டுக்கடங்காமல் பொருள் வாங்குதல், அளவு மீறிய காம இச்சை போன்றவை தோன்றுவதும் மருத்துவ உலகம் நன்கறிந்த பக்கவிளைவு. அப்படியானால் மாத்திரை கொடுத்த நரம்பியல் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது.

சிகிச்சையின் பெரும்பகுதி பேச்சும் பயிற்சியும்தான். நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றில் அக்காவே கட்டம் போட்டுக்கொண்டாள்: நாள், நேரம், இடம், அன்றைய மனநிலை, உந்துதல் பத்துக்கு எவ்வளவு, என்ன செய்தேன். ‘செவ்வாய், மாலை, மருந்துக் கடை, காலையில் மகளோடு சண்டை, 8, வெளியே வந்து நின்றேன், கால் மணி நேரத்தில் 3’ என்ற வரியை அவள் எனக்குக் காட்டியபோது, அவளுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்ப்பது போலிருந்தது. உந்துதல் தானாக ஏறித் தானாக இறங்குகிறது, அதற்கு இணங்காவிட்டால் அது என்றைக்கும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பது பொய் என்று அந்த நோட்டுதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. மாமா இதை அவருக்குத் தெரிந்த பாஷையில் சொன்னார்: எங்கள் மலைப்பாதையின் காட்டேரி வளைவில் மூடுபனி இறங்கினால் வண்டியை ஓரங்கட்டி விளக்கைப் போட்டு நிற்பதுபோல, கடையை விட்டு வெளியே வந்து நின்றுவிட வேண்டும், பனியைக் கலைக்கப் பார்க்கக் கூடாது.

மருத்துவமனையில் இரண்டு வகைக் கற்பனைப் பயிற்சிகள் உண்டு. ஒன்றில், உடலைத் தளர்த்தி அமர்ந்து, கடைக்குள் போவதையும் பொருளைப் பார்ப்பதையும் அதை எடுக்காமலே வெளியேறுவதையும் காட்சி காட்சியாக மனத்தில் ஓட்ட வேண்டும். இன்னொன்றில், எடுத்துப் பிடிபட்டு எல்லோர் முன்னிலும் நிற்பதைக் கற்பனை செய்ய வேண்டும். தற்கொலை எண்ணம் இருந்தவள் என்பதால் இரண்டாவதை மருத்துவர் தொடக்கத்தில் தொடவே இல்லை. அவமானத்தில் ஏற்கெனவே மூழ்கியிருந்தவளுக்கு மேலும் அவமானத்தை மருந்தாகக் கொடுக்காத அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

மாத்திரைகளைப் பற்றி நம்மவர்களிடம் அச்சமும் அதிகம், எதிர்பார்ப்பும் அதிகம். இந்நோய்க்கென்றே தனியாக ஒப்புதல் பெற்ற மருந்து கிடையாது. நல்ல சான்று உள்ளது நால்ட்ரெக்சோன். குடியிலிருந்து மீட்கக் கொடுக்கப்படும் அதே மாத்திரை. எடுக்கும்போது கிடைக்கும் அந்தக் கிளர்ச்சியை அது மங்கச் செய்கிறது. 2009இல் வெளியான, 25 பேரைக் கொண்டு 8 வாரம் நடந்த ஆய்வில், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்களுக்கு உந்துதலும் திருடுதலும் தெளிவாகக் குறைந்தன. சிறிய ஆய்வுதான் என்றாலும் முறையாக நடந்தது. மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராமை இதே நோய்க்குக் கொடுத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடு தென்படவில்லை. அக்காவுக்கு மனச்சோர்வுக்கு ஒன்றும் உந்துதலுக்கு ஒன்றுமாக இரண்டு மருந்துகள் கொடுத்தார்கள். நால்ட்ரெக்சோன் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் ரத்தப் பரிசோதனை அவசியம். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் கோடீன் கலந்த இருமல் மருந்துகளும் இதோடு சேரக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் அறுவை சிகிச்சைக்குப் போனாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அக்கா மாத்திரைப் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறாள்.

வீட்டில் நாங்கள் மாற்றிக்கொண்டவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாள்தோறும் கைகொடுத்தவை அவைதான். இந்தக் குளிரில் ஸ்வெட்டரும் சால்வையும் இல்லாமல் யாரும் வெளியே இறங்குவதில்லை. அக்காவின் கைக்கு மறைவாக இருந்ததும் அந்தச் சால்வைதான். கடைக்குள் நுழையும்போது சால்வையைக் கழற்றி மாமாவிடம் கொடுத்துவிடுவது, பையில்லாத ஸ்வெட்டர் அணிவது, உள்ளே இருப்பது தெரியும் வலைப்பை மட்டும் கொண்டுபோவது என்று அவளே வழக்கப்படுத்திக்கொண்டாள். வாங்க வேண்டியதைச் சீட்டில் எழுதிக்கொண்டு போவாள். சீட்டு முடிந்ததும் கடையில் நிற்பதில்லை. நாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளும் பெரிய அங்காடிகளை முதலில் முற்றாகத் தவிர்த்தோம். கேட்டதைக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் பழைய மளிகைக் கடை அவளுக்குப் பெரிய பாதுகாப்பாக இருந்தது. ஆனால் தவிர்ப்பது மட்டுமே சிகிச்சை ஆகிவிடாது என்று மருத்துவர் வற்புறுத்தியதால், பின்னர் என்னோடு அங்காடிக்குள் போய், ஒரு வரிசை மட்டும் நடந்து திரும்புவது என்று படிப்படியாகப் பழகினாள்.

அவள் பையை யாரும் சோதிப்பதில்லை என்பதும் எங்கள் ஒப்பந்தம். சோதனை தொடங்கினால் ஒளிப்பும் தொடங்கும். அதற்கு ஈடாக, எதையாவது எடுத்துவிட்டால் அன்றே மாமாவிடம் சொல்லிவிடுவதாக அவள் ஒத்துக்கொண்டாள். சொன்ன பிறகு அவர் திட்டக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது; ஆனால் பொருளுக்குரிய பணம் கட்டாயம் போய்ச் சேர வேண்டும். நோய் என்பதால் பொறுப்பு இல்லாமல் போய்விடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன், அக்காவும் அப்படித்தான் நினைக்கிறாள். பெட்டியில் இருந்தவற்றில் எந்தக் கடையுடையது என்று தெரிந்தவற்றுக்கு மாமா நேரில் போய்ப் பணம் கொடுத்தார். மற்றவற்றை என்ன செய்வது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டே முடிவு செய்தோம்.

சட்டமும் இதே நிலையில்தான் நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய இயலாத மனநிலையில் இருந்தவருக்கு 22ஆம் பிரிவு விலக்கு தருகிறது; கிளெப்டோமேனியா உள்ளவருக்குத் தாம் செய்வது தவறு என்று நன்றாகத் தெரியும் என்பதால் அந்த விலக்கு கிடைப்பது அரிது. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, முதல் முறையாகக் குற்றவாளியென்று தீர்ப்பாகி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை தண்டனையாக வழங்கப்படுகிறது. சிகிச்சைச் சீட்டுகளை ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தால், வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞருக்கு அவை உதவும்.

அக்காவால் கற்றது, நான் ஆசிரியையாக இருக்கும் பள்ளியில் வேறொரு விதத்தில் தேவைப்பட்டது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கழிவறைக்குப் பின்னால் காகிதக் குப்பைக்கும், பிறகு மேட்டுப் புல்லுக்கும் தீ வைத்தான். டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனியில் கருகிய புல் பிப்ரவரியில் எப்படிப் பற்றும் என்பது இம்மலையில் உள்ளவர்களுக்குத் தெரியும்; அருகில் தைல மரங்கள் வேறு. மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். ‘பைரோமேனியா’ என்று இணையத்தில் படித்துவிட்டுப் பெயர் சூட்டியவர்களும் இருந்தார்கள். தீ வைக்கும் உந்துதலை மீண்டும் மீண்டும் அடக்க முடியாமல் போகும் நோய் அது; உண்மையான பைரோமேனியா மிக மிக அரிது. மீண்டும் மீண்டும் தீ வைத்துச் சிக்கிய 90 ஆண்களைப் பரிசோதித்த பின்லாந்து ஆய்வில் 3 பேருக்கு மட்டுமே அது முழுமையாகப் பொருந்தியது. பிள்ளைகள் தீ வைப்பதற்குப் பெரும்பாலும் ஆர்வம், கோபம், கவனிப்பாரற்ற நிலை, கவனக்குறைவு–மிகையியக்கக் கோளாறு, நடத்தைக் கோளாறு ஆகியவற்றில் ஒன்றோ சிலவோ காரணமாக இருக்கும். எனவே பெயர் சூட்டும் வேலை மருத்துவருடையது.

பாதுகாப்பு அதற்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே தீப்பெட்டி, லைட்டர், மண்ணெண்ணெய் எல்லாம் அவன் வீட்டிலும் பள்ளி ஆய்வகத்திலும் பூட்டுக்குள் போயின. பள்ளி விட்டு வீடு சேரும் வரை யார் பொறுப்பு என்பது எழுதி வைக்கப்பட்டது. ஊட்டியில் அவனைப் பார்த்த மருத்துவர், தீ வைத்த ஒவ்வொரு நாளையும் அதற்கு முன் நடந்தவற்றையும் மனம் இருந்த விதத்தையும் ஒரு தாளில் வரைபடமாக அவனையே போடச் செய்தார். இது 1980களிலிருந்தே கையாளப்படும் எளிய முறை. கோட்டின் உச்சிகளெல்லாம் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்த இரவுகளுக்கு மறுநாளில் வந்து நின்றன. பையன் வாயால் ஒருபோதும் சொல்லாததை அந்தத் தாள் சொன்னது. அப்பாவுக்குக் குடிநோய் சிகிச்சை, அம்மாவுக்குத் துணை, பையனுக்குக் கோபத்தைக் கையாளும் பயிற்சி, தீயணைப்பு நிலையத்தாரிடம் தீயின் இயல்பைப் பற்றிய பாடம் என்று வேலை நாலா பக்கமும் பிரிந்தது. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் அது வரும். இதைப் பெற்றோரிடம் மிரட்டலாக இல்லாமல் தகவலாகச் சொன்னோம். பையன் இப்போதும் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறான்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை மாவட்ட அரசு மருத்துவமனையில் பார்க்கலாம். போகும்போது நோயாளியின் குணத்தைப் பற்றிப் புகார்ப் பட்டியல் கொண்டுபோவதைவிட, எப்போது, எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது என்று நினைவில் உள்ளவற்றை எழுதிக்கொண்டு போவது மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.

அக்காவுக்கு முழுக்கக் குணமாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். நீண்ட காலம் எதுவும் நேராமல் இருந்து, ஒரு தீபாவளிச் சமயத்தில் வளையல் கடையில் ஒரு ஹேர்பின் அட்டையை எடுத்துவிட்டாள். பேருந்து நிலையம் வருமுன்பே மாமாவிடம் சொன்னாள். அவர் திரும்பிப் போய்ப் பணம் கொடுத்துவிட்டு வந்தார். நோட்டில் வரி ஏறியது. அடுத்த முறை அந்த வரியைப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது, அதற்கு முந்தைய வாரம் மாத்திரை ஒழுங்காகப் போட்டீர்களா என்பதைத்தான். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது: வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றிருந்தது, நால்ட்ரெக்சோன் எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் கிடைக்கவில்லை, சில நாள்கள் அவள் அது இல்லாமலே இருந்திருக்கிறாள். இப்போது மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே, மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கி, ஒரு மாதத்துக்கான மாத்திரையைக் கோயம்புத்தூரிலிருந்து கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்கிறோம். பண்டிகைக் கொள்முதலை அக்கா இல்லாமல் செய்வதில்லை. கூட்டம் சேருமுன், காலையில் கடை திறந்ததும் போய்விடுகிறோம்.